நோன்பு மாதத்துச் சொற்கள்

தொழுகையில் குனிவதும் நிமிர்வதும் உண்டு; ஹஜ்ஜில் பிரயாணம் உண்டு; ஸக்காத்தில் பணம் கைமாறுகிறது; நோன்பாளியோ பிறர் காண எதையும் செய்வதில்லை, சிலவற்றைச் செய்யாமல் இருக்கிறான், அவ்வளவுதான். அந்த வெறுமையை நிரப்புவதற்கென்றே போலும், வருஷத்தின் மற்றப் பதினொரு மாதங்களிலும் இல்லாத வேலை ரமலானில் நாவுக்கு வந்துவிடுகிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையுள்ள வசனங்கள் நோன்பின் விதிகளைச் சொல்லுகின்றன. நோயாளிக்கும் பிரயாணிக்கும் உரிய சலுகை, இரவில் உண்பதற்குரிய எல்லை என்று சட்டமாகவே சென்றுகொண்டிருக்கும் பேச்சு 186-ஆம் வசனத்தில் சற்றே விலகி, இறைவன் தன் அடியார்களுக்குச் சமீபத்தில் இருக்கிறான், அழைப்பவனுக்கு விடையளிக்கிறான் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, மறுபடியும் சட்டத்துக்குத் திரும்புகிறது. விதிகளின் நடுவே பிரார்த்தனைக்கு இப்படி ஓர் ஆசனம் போட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப்பிரிவைச் சேர்ந்தவர்கள் அதிகம். அந்த மத்ஹபில் நாளைய நோன்புக்கு இன்றிரவே நிய்யத்து என்னும் சங்கற்பத்தை வைத்தாக வேண்டும். விடிந்த பிறகு நினைவு வந்து பயனில்லை. ஹனஃபிகளுக்கு நண்பகலுக்கு முன்புவரை அவகாசம் உண்டு. மாலிக்கிகள் முதல் இரவிலேயே மாதம் முழுமைக்கும் சேர்த்து நிய்யத்து வைத்துக்கொள்ளலாம். ஆகையால்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் தராவீஹ், வித்ர் ஆகிய இரவுத் தொழுகைகள் முடிந்தவுடன் எவரும் செருப்பைத் தேடி எழுந்துவிடுவதில்லை. ஹஸரத் அரபியில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்க, ஜமாஅத்து முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லி, பிறகு இந்த வருஷத்து ரமலானின் கடமையான நோன்பை நாளைக்கு நோற்பதாகத் தமிழிலும் சங்கற்பம் செய்துகொள்கிறது. நிய்யத்து உள்ளத்தின் காரியம், வாயால் சொல்லித்தான் ஆகவேண்டுமென்பதில்லை என்று வாதிப்பவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரியே. ஆயினும், கடைக் கணக்கைப் பாதியில் விட்டு வந்த வியாபாரியும், மறுநாள் பரீட்சையை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவனும், நோன்பு இன்னும் கடமையாகாத சிறுவனும் ஒரே குரலில் நாளைக்கென்று சொல்லும்போது, தனியே இருந்தால் தள்ளாடக்கூடிய உள்ளம் அந்தக் கூட்டத்தின் தோளில் சாய்ந்துகொண்டு உறுதிப்படுவதை மறுக்க முடியாது.

தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்ற விவகாரத்தில் ஊர்கள் பட்ட மனஸ்தாபத்தை விஸ்தரிக்க எனக்கு விருப்பமில்லை. எட்டுத் தொழுபவரும் இருபது தொழுபவரும் நிற்பது ஒரே பாயில்தான். நான் விரும்பிக் கவனிப்பது வேறு ஒன்று. மாதத்துக்குள் குர்ஆனின் முப்பது பாகங்களான ஜுஸ்உகளையும் ஓதி முடிக்கவேண்டுமென்று, நாளுக்கு ஒரு ஜுஸ்உவாக ஓதிவரும், குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ், என்றைக்காவது ஓரிடத்தில் தடுக்கி, அதே வசனத்தை மறுபடியும் தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிடுவார். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். உடனே அவர் அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்வார். கொடுத்தவருக்குப் பெருமையோ, வாங்கியவருக்கு வெட்கமோ கிடையாது. காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. பெண்களுக்குப் பெண்ணே தொழுவிக்கும்போது, ஆண் இமாமைப்போல் முன்னால் தனித்து நில்லாமல், அவள் முதல் வரிசையின் நடுவிலேயே மற்றவர்களோடு தோள் சேர நிற்கவேண்டும் என்பது முறை. அந்த முறையில் ஒரு தனி அழகு இருப்பதாக நான் எப்போதும் எண்ணுவதுண்டு.

மாதத்தை மூன்று பத்துகளாகப் பகுத்து, முதற்பத்தில் கருணையையும், நடுப்பத்தில் பாவமன்னிப்பையும், கடைசிப்பத்தில் நரக விடுதலையையும் வேண்டிக்கொள்வது நம் பள்ளிகளில் வழக்கம். ஐவேளைத் தொழுகைக்குப் பின்னும் ஓதப்படுவதால் அந்த வேண்டுதல்கள் குழந்தைகளுக்கும் மனப்பாடம். எந்தப் பத்து நடக்கிறதென்று அறியக் காலண்டரைப் பார்க்கவேண்டியதில்லை, வீதியில் வரும் ஓசையே போதும். கடைசிப்பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் ஒன்றில்தான் ஆயிரம் மாதங்களினும் மேலான லைலத்துல் கத்ரைத் தேடச் சொல்லியிருக்கிறது. அந்த இரவை நான் அடைந்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா நாயகி அவர்கள் நபிகளாரிடம் வினவியதாகவும், நபிகளார் அவர்களுக்கு ஒரு பிரார்த்தனையைக் கற்றுக் கொடுத்ததாகவும் திர்மிதி நூலில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. எவ்வளவு பெரிய இரவு, கேட்டவர் எவ்வளவு பெரியவர் என்பதை எண்ணிப் பார்த்தால், அதற்கு ஈடான நீண்டதொரு வேண்டுதலை நாம் எதிர்பார்ப்போம். கிடைத்ததோ ஒரே மூச்சில் சொல்லி முடிந்துவிடுகிறது: மன்னிப்பதை விரும்புகிறவனே, என்னை மன்னித்துவிடு என்பதுதான் அதன் சாரம். செல்வமில்லை, ஆயுளில்லை, சந்ததியில்லை. எனக்கென்னவோ, இருபத்தேழாம் இரவில் ஒலிபெருக்கி வழியே அடுக்குமொழிகளால் அழகு செய்து நெடுநேரம் நீட்டப்படும் துஆக்களைக் கேட்கும்போதெல்லாம், அந்தச் சிறிய பிரார்த்தனையின் நினைவுதான் வருகிறது. நீட்டுகிறவர்களின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை, நீளத்தில்தான் சந்தேகம்.

நோன்பு திறக்கும் நேரத்துச் சொற்கள் இன்னும் குறுகியவை. வெந்தயமும் பூண்டும் மணக்கும் கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக வைக்கப்பட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேரீச்சம்பழம் இருக்க, பாங்குக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் நோன்பாளியின் வேண்டுதல் வீண்போகாது என்பது நம்பிக்கை. ஆனாலும் கண்ணை மூடிக் கைகளை ஏந்தியிருப்பவர்களில் சிலராவது ஒற்றைக் கண்ணால் வடைத்தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கிய பின் நபிகளார் சொல்லியதாக அபூதாவூத் நூலில் வரும் சொற்களில் வேண்டுதலே கிடையாது: தாகம் தீர்ந்தது, நரம்புகள் நனைந்தன, இறைவன் நாடினால் கூலி உறுதியாயிற்று என்ற செய்தி மட்டுமே உண்டு. நாள் முழுதும் வறண்டிருந்த தொண்டைக்கு அதற்குமேல் பேச என்ன இருக்கிறது!

இப்படிச் சுருங்கப் பேசக் கற்பித்த மாதம், வீண் பேச்சை விஷயமாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஒருவன் ஏசினாலும் சண்டைக்கு வந்தாலும், நான் நோன்பாளி என்று சொல்லிவிடும்படி நபிமொழி பணிக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைவீதியில் நின்று பார்த்தால் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தேவையிருக்கிறது என்பது விளங்கும். சில்லறைக்காகவும் சைக்கிள் இடித்ததற்காகவும் குரல்கள் உயர்கிற நேரம் அதுவே. பசி நாவின் காவலைத் தளர்த்திவிடுகிறது. பொய்யும் புறமும் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகின்றன. மனிதனின் இந்தப் பலவீனத்தை அறிந்தே ஃபித்ரா என்னும் பெருநாள் தருமம் விதிக்கப்பட்டிருக்கிறது. நோன்பாளியின் வீண் பேச்சுக்கும் தகாத பேச்சுக்கும் பரிகாரம், ஏழைக்கு உணவு என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவர்கள் அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பெருநாள் தொழுகைக்கு முன்பாக, வீட்டிலுள்ள தலைகளை எண்ணி, கடைசி நோன்பன்று அந்திக்கு முன் பிறந்துவிட்ட சிசுவையும் சேர்த்து, தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ அரிசியை அளந்து வைக்கிறோம். மட்டமான அரிசியைத் தள்ளிவிடக் கூடாது. அன்றைய இரவுக்கும் மறுநாளைக்கும் தேவையானது போக மிச்சமிருக்கும் ஏழையும் கொடுத்தாக வேண்டும் என்பதால், அண்டைவீட்டிலிருந்து வாங்கிய அரிசியிலேயே தம் பங்கை அளந்து, முந்தானையில் முடிந்துகொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போகும் மூதாட்டிகளும் எங்கள் தெருவில் உண்டு.