சீப்பு சொன்ன சேதி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "நட்பு, காதல், தன்னம்பிக்கை, எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க" என்றார். நட்பைப் பற்றி எழுத எட்டுப் பேர், தன்னம்பிக்கை பற்றி எழுதப் பதினெட்டுப் பேர் ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தார்கள். "நான் முடி கொட்டுறதைப் பத்தி எழுதுறேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேராவது அன்று காலை சீப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள்தான்!

இது அழகுக் குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எந்த எண்ணெய் நல்லது என்று நான் சொல்லப் போவதும் இல்லை. சில பெண்களுக்குத் தலையில் வரும் பருவும், உச்சியில் குறையும் முடியும் உடம்புக்குள் நடக்கும் ஒரு கோளாறின் வெளி அடையாளம். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஆயிற்று. உங்கள் வீட்டில் அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்றாம் ஆண்டு. முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் லேத் பக்கம் போகும்போதெல்லாம் பின்னலை மடித்து உள்ளே செருகச் சொல்வார்கள். அப்போது செருகச் செருக வெளியே வரும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அதே பின்னல் எலிவால் ஆகிவிட்டது. கூடவே தலைக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சீப்பின் பல் பட்டாலே உயிர் போகும். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ஏட்டி, போர் தண்ணியில குளிச்சா முடி எங்க நிக்கும்?" என்றாள் ஆச்சி. ஹாஸ்டல் சாப்பாடு என்றாள் பெரியம்மா. ராத்திரி முழித்துப் படிக்கிறதுதான் என்றாள் ரூம்மேட் (நான் அவ்வளவு படிக்கிற ஆள் இல்லை என்பது அவளுக்கே தெரியும்!). வைத்தியமும் ஆளுக்கொன்று. கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, கற்றாழை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா மடியில் உட்கார வைத்துப் பொறுமையாகத் தேய்த்துவிடுவாள். அந்த அன்புக்கு ஈடு கிடையாது. ஆனால் எண்ணெய் முடியின் தண்டைப் பளபளப்பாக்குமே தவிர, வேருக்குள் நடக்கும் வேலையை நிறுத்தாது. கொப்புளம் உள்ள தலையில் கெட்டியாக எண்ணெய் பூசினால் துவாரம் இன்னும் அடைபடவும் கூடும்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனோம். டாக்டரம்மா தலையைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "மாசா மாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒழுங்கா வந்துரும் டாக்டர்."

தலைமுடிக்கு வந்த இடத்தில் இது எதற்கு என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள் வேறு. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "இல்ல டாக்டர். போன வருஷம் மொத்தமே ஆறு தடவைதான்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் வைத்தியம் ஆரம்பித்தது.

டாக்டர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் பாஷையில் சொல்கிறேன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் புரியும்.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதுதான் கண்ட்ரோலர். அது விட்டு விட்டு ஒரு துடிப்பு அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. சினைப்பை சுரக்கிற ஹார்மோன்கள் மேலே திரும்பிப் போய், "இவ்வளவு போதும்" என்று சொல்கின்றன. இதுதான் ஃபீட்பேக். லூப் சரியாக ஓடினால் மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவரும், மாதவிலக்கும் வரும். மாதவிலக்கு இந்த சிஸ்டத்தின் இண்டிகேட்டர் லேம்ப் மாதிரி. விளக்கு ஒழுங்காக எரியாவிட்டால் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டாமா? நாம் விளக்கைத் துணி போட்டு மூடி வைக்கிறோம்!

பெண் உடம்பிலும் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் தன்மை ஹார்மோன்கள் உண்டு. சினைப்பையும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் கொஞ்சமாகச் சுரக்கும். அது தேவையும்கூட. அளவு கூடும்போதுதான் தொல்லை. தோலில் இருக்கும் ஒரு என்சைம் டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வீரியமான டி.ஹெச்.டி. ஆக மாற்றுகிறது. இந்த டி.ஹெச்.டி. ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்யும். எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடும், அதனால் பரு. தாடையிலும் மேலுதட்டிலும் பூனை முடியைத் தடித்த முடியாக்கும். உச்சந்தலையிலோ நேர் எதிராக, வேர்ப்பையைச் சுருக்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாத பஞ்சு மாதிரி ஆகிவிடும். வேண்டாத இடத்தில் விளைச்சல், வேண்டிய இடத்தில் வறட்சி!

ஆண்ட்ரோஜன் ஏன் கூடுகிறது? முக்கியக் காரணம் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லப்படும் சினைப்பைக் கோளாறு. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்துதான் மருத்துவ உலகம் இதைத் தனியாக அடையாளம் கண்டது. இன்று உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும் என்கிறார்கள். அவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் லேடீஸ் ஹாஸ்டலில் எத்தனை பேர் இருக்கிறோம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"நீர்க்கட்டி" என்று ஊரில் சொல்வார்கள். கேட்டாலே பயமாக இருக்கும். உண்மையில் அவை கட்டிகள் இல்லை. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், அவ்வளவுதான்.

இதில் இன்சுலினுக்கும் பெரிய பங்கு உண்டு. சிலருக்கு இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கணையம் என்ன செய்யும்? இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. கட்டு அவிழ்ந்த ஆண்ட்ரோஜன் ஊர் சுற்றும். என் கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்திருந்தது. அழுக்கு என்று கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்த நாட்கள் எத்தனை! அது அதிக இன்சுலின் எழுதிய கையெழுத்து என்றார் டாக்டர். தேய்த்தால் போகாது.

ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அம்மா பயந்து கேட்டாள். "பெரியவளாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டார். ஆறு வருஷம் என்றோம். "அப்ப இதுக்காக ஸ்கேன் தேவையில்ல" என்றார். முதல் மாதவிலக்கு வந்து எட்டு வருஷம் ஆகாதவர்களுக்குச் சினைப்பையில் நிறைய முட்டைப் பைகள் தெரிவது சகஜம், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஒழுங்கில்லாத மாதவிலக்கும், ஆண்ட்ரோஜன் கூடியதற்கான அறிகுறியும் சேர்ந்து இருக்கிறதா என்றுதான் என் வயதில் பார்க்க வேண்டுமாம்.

ஆனால் ரத்தப் பரிசோதனை நிறைய இருந்தது. காரணம், பி.சி.ஓ.எஸ். மாதிரியே வேஷம் போடும் வேறு கோளாறுகளும் உண்டு. தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், மாதவிலக்கு தவறும். புரோலாக்டின் கூடினாலும் தவறும். ரத்தசோகை இருந்தாலும் கொட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடவும் கூடாது. தலையில் வரும் கொப்புளம்கூட பூஞ்சையாலோ, பொடுகாலோ, பேன் கடியைச் சொறிந்ததாலோ வரலாம்.

எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8. டெஸ்டோஸ்டீரோன் அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 148. அது 140க்குள் இருக்க வேண்டும். 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பத்தொன்பது வயதில் நான் நடுவழியில் நிற்கிறேன்! முடிக்காகப் போன இடத்தில் இது தெரிந்தது.

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"நாலு வருஷமா இருக்கு."

"சின்ன வயசுல உங்களுக்கு மாசா மாசம் வந்துச்சா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவளை மாதிரிதான். நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்றாள்.

குனிந்த அந்தத் தலையை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். முன்நெற்றி முடி அப்படியே இருக்கிறது. நடு வகிடு மட்டும் அகன்று தோல் தெரிகிறது. பெண்களுக்கு முடி குறைவதை 1977இல் லுட்விக் என்ற மருத்துவர் மூன்று படிகளாக வகுத்தார். அந்தப் படம் அப்படியே என் அம்மா தலையில் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மா பூவை உச்சிக்குச் சற்று மேலே தள்ளித்தான் வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

இந்தக் கோளாறு குடும்பத்தில் வழி வழியாக வரக்கூடியது. பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுவது. இருபது வயதில் அம்மாவை யாராவது அந்தக் கேள்வி கேட்டிருந்தால், அம்மா பதில் சொல்ல முடிந்திருந்தால், சர்க்கரையை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாம், தள்ளிக்கூடப் போட்டிருக்கலாம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது இருவரும் பேசவில்லை. ஸ்டாப்பில் இறங்கியதும், "வெளிய யாருகிட்டயும் சொல்லாத, நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்க..." என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மலருக்கு எழுதப் போகிறேன் என்று போனவாரம் சொன்னேன். "என்னைப் பத்தியும் எழுதப் போறியா?" என்றாள். "எழுதட்டுமா?" என்றேன். "எழுது. நாலு பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள்.

வைத்தியம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. தினம் காலையில் ஹாஸ்டலிலிருந்து மெயின் கேட் வரை நாலு சுற்று நடை. மெஸ்ஸில் சோறு ஒரு கரண்டி குறைவு, பயறும் கீரையும் கூடுதல். சாயங்கால பிஸ்கட்டுக்கு விடை. இரும்புச்சத்து மாத்திரையும், டாக்டர் தந்த மற்ற மாத்திரைகளும். அவற்றின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஹார்மோன் மாத்திரை ஆளுக்கு ஆள் மாறும். சிலவற்றைக் கர்ப்பக் காலத்தில் தொடவே கூடாது. என் மாத்திரை உங்களுக்கு வைத்தியம் ஆகாது.

பலன்? கொப்புளம் அநேகமாகப் போய்விட்டது. கடைசி நாலு மாதவிலக்கும் நாற்பது நாளுக்குள் வந்திருக்கின்றன. முடி? பழைய பின்னல் திரும்பவில்லை. ஆனால் கொட்டுவது குறைந்திருக்கிறது. முடி வளர்வதும் ஓய்வதும் மாதக்கணக்கில் நடக்கிற காரியம். ஆறு மாதத்துக்குள் எந்த வைத்தியத்துக்கும் மார்க் போடக் கூடாதாம். பதினைந்து நாளில் பனங்காடு மாதிரி வளரும் என்று விளம்பரம் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தோழிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது, பதற வேண்டாம். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் அது தானாக நிற்கும். ஆனால் வகிடு அகன்றால், தலையிலும் தாடையிலும் பரு விடாமல் வந்தால், கழுத்து கறுத்தால், வருஷத்துக்கு எட்டுக்கும் குறைவாக மாதவிலக்கு வந்தால் டாக்டரைப் பாருங்கள். காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். லேப் ரெக்கார்டில் ரீடிங் இல்லாமல் கிராஃப் வரைய முடியுமா? பருவுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது பருவை முதலில் அமுக்கிவிட்டு, பிறகு அதிகமாக்கிவிடும்.

தோழர்களே, நீங்களும் இவ்வளவு தூரம் படித்து வந்ததற்கு நன்றி. வகுப்பில் ஒரு பெண்ணின் மீசையையோ வகிட்டையோ பார்த்துப் பட்டப்பெயர் வைக்கத் தோன்றும்போது, அவள் ரத்தத்தில் ஓடும் ஒரு கணக்கைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, "ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றியா?" என்று கேட்டால், எதற்கு என்று கேட்காமல் சைக்கிளை எடுங்கள்.

டாக்டர் கேட்கிற கேள்விக்கு நம் வாயால் நாமே பதில் சொல்வோம். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் நல்ல மார்க்கோடும், நல்ல உடம்போடும் வெளியே போக வாழ்த்துகள்!