துரியோதனனின் கால்விரல்கள்

படுகளத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுத்த வாக்கில்தான் செய்வார்கள். தலையிலிருந்து பாதம் வரை 40 அடி, 50 அடி. சில ஊர்களில் அதற்கும் மேலே. முழுக்க மண். முதல்நாள் பொழுது சாயும்போது மண் வந்து இறங்குகிறது, விடிவதற்குள் உருவம் கிடக்கிறது. காலையில் பீமன் வேடக்காரர் தொடையில் ஓங்கி அடித்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும். திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், அக்னி வசந்த விழாவின்போது இது நடக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் பாரதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் சென்னை கவின் கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவு மாணவி. திருவண்ணாமலைக்குப் போனது கோபுரத்தை வரைய. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவடைந்த கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. தேரடி வீதியில் உட்கார்ந்து அதன் சுதைப் பொம்மைகளை வரைந்துகொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் தண்ணீர்ப் பானைகளைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். கார்த்திகை வந்தால் தீபத்துக்கு அகல், வெயில் காலத்தில் பானை, இடையில் படுகள வேலை என்று ஓடுகிறது அவர் வருஷம். "நின்னுக்கினு இருக்கறத வரையற. படுத்துக்கினு இருக்கறவனையும் வந்து பாரு பாப்பா" என்றார். செய்யாறு போகும் வழியில் உள்ள ஊரின் பெயரையும் நாளையும் சொன்னார்.

கோயிலுக்கு எதிரே அறுத்து முடித்த கழனி. இரண்டு டிராக்டர் மண் அடித்திருந்தார்கள். பானை வனைகிற களிமண்ணாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இது மணல் கலந்த மண். வேடக்காரர்கள் இதன்மேல் ஏறி ஓடுவார்கள், களிமண்ணாக இருந்தால் வழுக்கிவிடும் என்றார் பெரியவர். கையில் ஒரு மூங்கில் கழி. முகத்தின் நீளம் அது. தலைமாட்டில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, கழியைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே நடந்தார். கழுத்து, மார்பு, தொப்புள், முட்டி என்று அவர் நின்ற இடங்களில் ஒரு பையன் சுண்ணாம்புப் பொடி தூவினான். முகத்தை அளவாகக் கொண்டு உடலைப் பிரிக்கிற முறையை ஸ்தபதிகள் தாளம் என்று நூல் வைத்துப் படிக்கிறார்கள். எங்களுக்கும் வகுப்பில் உண்டு. பெரியவர் நூல் எதையும் குறிப்பிடவில்லை. ஆனால் கணக்கு அதே கணக்கு.

ஒரே இடத்தில் மட்டும் அவர் கணக்கை மீறினார். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தலையைப் பெரிதாக்கி, தலையணை வைத்ததுபோல் மேட்டில் உயர்த்தினார். "சனங்க காலாண்டதான் நெறைய நிப்பாங்க. அங்கிருந்து பாத்தா மொகம் தெரியணும்ல?" ஐரோப்பிய ஓவியத்தில் இப்படித் தள்ளியிருக்கும் பகுதி குறுகித் தெரிவதைப் பற்றி எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடந்தது. அங்கே கண் ஒரே இடத்தில் நிற்கிறது. இங்கே ஆயிரம் கண்கள் நான்கு பக்கமும் நின்று, நகர்ந்து, முண்டியடித்துப் பார்க்கப்போகின்றன. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒருவர் தீர்வு கண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

எனக்கு வலது பாதத்தின் விரல்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பானை அளவு. குந்தி உட்கார்ந்து, மண்ணை அள்ளி வைத்து, பலகையால் தட்டி, ஈரச் சாக்கால் இழுத்து வழிக்க வேண்டும். காகிதத்தில் மணிக்கட்டை அசைத்தால் வந்துவிடுகிற வளைவுக்கு, இங்கே இடுப்பு வளைந்து இரண்டடி நகர வேண்டியிருந்தது. பெருவிரலைச் சுற்றி வந்தபோது அது என் உடம்பில் பதிந்தது. நகத்தின் சரிவு, விரலிடுக்கின் பள்ளம் எல்லாமே முட்டியாலும் தோளாலும் தெரிந்துகொள்கிற விஷயங்களாயின. அடிக்கடி எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். தூரிகையோடு பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அவர் ஒருமுறைகூட எட்டிப் போய்ப் பார்க்கவில்லை. எப்படித் தாத்தா என்று கேட்டேன்.

"பானை வனையறப்ப எட்டப் போயா பாக்கறோம்? உள்ள ஒரு கை, வெளிய ஒரு கை. நடுவால இருக்கற மண்ணு எவ்ளோன்னு கைக்குத் தெரியும். இதுக்கு மேல நடக்கறேன், காலுக்குத் தெரியுது."

ஓவியம் பற்றி நான் கேட்ட பாடங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. பார்வையிலிருந்து தொடங்கித்தான் எனக்கு உருவம் கற்றுத்தரப்பட்டது. தொடுகையிலிருந்து தொடங்கும் வழி ஒன்று உண்டு என்பதை ஓவிய வகுப்புக்குள்ளேயே இருந்திருந்தால் நான் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வண்ணம் பூசும் வேலை பின்னிரவில் வந்தது. அது என் துறை என்பதால் ஆவலாகப் போய் நின்றேன். சுண்ணாம்பு, கரி, காவி, மஞ்சள், கடையில் வாங்கிய கோலப்பொடி. ஈரமண் மேல் பொடியாகவே தூவித் தேய்க்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் கண்ணைக் குத்தின. விடிந்து வெயில் பட்டால்தான் சரியாக இருக்கும், இப்போது அளவாக இருந்தால் அப்போது மங்கிவிடும் என்றார். கண்விழி மட்டும் கடைசியில், கற்பூரம் காட்டிய பிறகு, அவர் கையால்.

அதே நேரம் கோயில் பக்கம் பதினெட்டாம் போர் கூத்து முடியும் தறுவாயில் இருந்தது. துரியோதனன் வேடம் கட்டியவர் ஒரு இடைவெளியில் வந்து தன் மண்ணுருவத்தைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் அதே சிவப்பு. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியவை. கனமில்லாத மரம், இரவு முழுக்கத் தாங்கும். கிரீடத்தைத் தானே செதுக்கியதாகச் சொன்னார். அரிதாரம் தானே பூசிக்கொள்கிறார், பாடுகிறார், ஆடுகிறார், முகவீணைக்காரர் வராத நாளில் அதையும் எடுப்பாராம். இதே மாவட்டத்தின் புரிசை, தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பத்தால் உலகறிந்த ஊர். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி சிறுகதை எழுத்தாளராக இருந்தவர். தெருக்கூத்தைத் தேடிப் போனதால்தான் அவருடைய நாடகம் வேறு திசை கண்டது.

எங்கள் கல்லூரியின் வரலாறும் இப்படி ஒருவரே பல கலைகளில் கைவைப்பதற்கு எதிரானதல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்தப் பள்ளி, கைத்தொழில் கற்பிக்கவே எழுந்தது. அலுமினியப் பாத்திரத் தொழில் சென்னையில் வேர்விட்டதே அங்கிருந்துதான். எஸ். தனபால் அங்கே ஓவியம் படித்தவர், நடனம் பயின்று மேடையேறியவர், பிறகு சிற்பியாகி அக்கல்லூரியின் முதல்வரானவர். கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணிகள் விற்ற பணம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியர்கள் மெழுகும் சாயமும் கையாண்டார்கள், அதனால் அவர்களுடைய ஓவியம் கெட்டுப்போகவில்லை. பிரிவுகளுக்கிடையே சுவர் எழுந்ததெல்லாம் பாடத்திட்டத்தின், மதிப்பெண்ணின் வசதிக்காக. ஓவிய மாணவிக்கு மண்பாண்டப் பிரிவின் சக்கரம் எட்டாத தூரத்தில் இருப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

விடிந்தது. மேளம், முகவீணை, குலவை. பீமனும் துரியோதனனும் மண்ணுடலின் மேல் ஏறியும் இறங்கியும் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். தொடைக்குள் புதைத்திருந்த சிவப்புக் கரைசல் அடியில் பீறிட்டது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிந்தாள். முறமும் துடைப்பமுமாய் ஒப்பாரி. அது ஓய்வதற்குள் ஜனம் பாய்ந்து மண்ணை அள்ளத் தொடங்கியது. நெல்லில் போட, கழனியில் தூவ. நான் வழித்த பெருவிரலை ஒரு அம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். இரவெல்லாம் உழைத்த பொருள் இப்படிப் போய்ச் சேர்வதுதான் அதன் பயன் என்பதில் பெரியவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கைகால் கழுவி, விழாக் குழுவிடம் தாம்பூலத் தட்டும் கூலியும் வாங்கிக்கொண்டார். கூலி மிகக் குறைவு. அவர் மகன் செய்யாறு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார், சுண்ணாம்பு தூவிய பையன் பேரன், பள்ளி விடுமுறையில் மட்டும் வருகிறான்.

கலைக் கல்லூரிகள் இந்தப் பெரியவர்களை வருகைதரு ஆசிரியர்களாக அழைத்து, பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே தர வேண்டும். மாணவர்கள் ஒரு பருவமாவது வேறொருவர் தொழிலில் எடுபிடியாக நின்று வேலை செய்வதை மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருவண்ணாமலையிலிருந்து செய்யாறுக்கும் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் பஸ் இருக்கிறது, சித்திரை வைகாசியில் சுவரெல்லாம் விழா நோட்டீஸ் இருக்கும். படுகளத்துக்கு முந்தின நாள் மாலையே போய்விடுங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.