குளத்துக்குப் போகாத ஈ.வி.எஸ்.

அக்கா பொண்ணு பி.ஏ. வரலாறு. நாளைக்கு ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) பரீட்சை.
"உணவுச் சங்கிலி ரெண்டு மார்க், சித்தி"ன்னு கைடைப் பாத்து ஒப்பிச்சுட்டு இருக்கா.

மனசே ஆறல.

இந்தப் பாடம் லேசுல வந்ததில்ல.
வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்குல, காலேஜ்ல இதைக் கத்துக் குடுக்கணும்னு 1991ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2003ல திரும்பவும் அழுத்திச் சொல்லுச்சு. அந்த உத்தரவாலதான் எல்லா இளநிலைப் படிப்புக்கும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஆறு மாசப் பாடத்திட்டம் போட்டுச்சு.

அதுல களப்பணிக்குன்னே ஒரு அலகு இருக்கு.
குளமோ ஆறோ மலைச்சரிவோ போய்ப் பாக்கணும். செடி, பூச்சி, பறவை பாத்து எழுதணும். மாசுபட்ட ஒரு இடத்துக்கும் போகணும்.

இவ காலேஜ்ல இருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரே பஸ்.
ரோட்டோரம் நின்னாலே நீலத் தாழைக்கோழி தெரியும், செவந்த அலகோட, கோரைக்குள்ள காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கும். அந்தப் பக்கம் பெருங்குடி குப்பைமேடு.
களப்பணி மொத்தமும் அங்கயே முடிஞ்சிரும்!

கூட்டிட்டுப் போகல.
சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதிக் குடுத்தாச்சாம்.

வரலாறு, தமிழ், காமர்ஸ் படிக்கற நிறையப் பிள்ளைங்களுக்குக் காலேஜ்ல அறிவியல்னு கிடைக்கறதே இந்த ஒரு பேப்பர்தான். அதையும் இப்படியா பண்றது?

உங்களை யாராவது நெஜமாவே கூட்டிட்டுப் போனாங்களா? எந்தக் குளம்?