கப்பலில் இருவர், கரையில் ஒருத்தி

நேயர்களே! ஐந்தரை வயதுக் குழந்தையை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியுமாக ஐந்து நாள் கப்பல் பிரயாணம் போவது நியாயமா, அநியாயமா? எங்கள் காரியாலயத்தில் "பேஷ்! அவசியம் போய் வாரும்" என்றார்கள். நாங்கள் குடியிருக்கும் தெருவிலோ, "அடடா, குழந்தையை விட்டுவிட்டா?" என்று கேட்டார்கள். அந்த "ஆ" என்ற ஒரே எழுத்தில் எத்தனை கண்டனம் அடங்கியிருந்தது என்பதைப் பெற்றவர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

நாங்கள் போக நினைத்தது லட்சத்தீவுக்கு. கொச்சியில் கப்பல் ஏறி, கல்பேனி, கவரத்தி, மினிகாய் என்ற மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கொச்சிக்கே திரும்பும் பிரயாணம். பகலில் தீவு, இரவில் கப்பலிலேயே படுக்கை.

லட்சத்தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு முன்னால், "இவர் பேரில் வழக்கு வில்லங்கம் எதுவும் இல்லை" என்று போலீஸ் நிலையத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். போலீஸார் எனக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்கள். என் மனைவியின் மனச்சாட்சிதான் அவளுக்குக் கொடுக்க மறுத்தது. "ஏங்க, நாம செய்யறது சரிதானா?" என்று பாளையங்கோட்டை போய்ச் சேரும் வரையில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே என் மாமியார் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். "ஏட்டி, நீ வளந்தது யாருகிட்டட்டி? ஒத்தப் புள்ளய எங்களால பாத்துக்கிட முடியாதா?"

மாமாவுக்குப் போன வருஷம்தான் இருதயத்துக்கு வைத்தியம் நடந்தது. குழந்தை துறுதுறுவென்று ஓடுகிறவள். ஆகையால் மனைவியின் கவலை வெறும் கவலையல்ல. இரண்டு நாள் முன்னதாகவே போய்க் கூடவே தங்கியிருந்தோம். தூங்கும்போது நழுவிவிடாமல், பாப்பாவை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னோம். அவள் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் கடல்லேருந்து ஒரு வெள்ளைப் பவளம் கொண்டு வரணும்" என்று மட்டும் சொன்னாள். நானும் யோசியாமல், "ஆகட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொச்சியில் ஏறினோம்

திருநெல்வேலியில் இரவு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்தைத் தொட்டு, காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து வில்லிங்டன் தீவு. கொச்சித் துறைமுகத்தைச் சீர்படுத்திய பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர், காயலை ஆழப்படுத்தும்போது வாரிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கிய தீவு அது. நமது சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கள் கப்பல் 'எம். வி. கவரத்தி'. விசாகப்பட்டினத்தில் கட்டியது, 700 பேர் ஏறலாம். நீச்சல் குளமும் நாட்டியக் கொட்டகையும் கொண்ட உல்லாசக் கப்பல் என்று எண்ணிவிடாதீர்கள்! தீவு ஜனங்களுக்கு இதுதான் பஸ், இதுதான் ரயில். கொச்சி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துத் திரும்பும் கிழவர், கல்லூரி விடுமுறைக்கு ஊர் போகும் பெண்கள், அரிசி மூட்டை, மெத்தை, சைக்கிள் எல்லாம் எங்களோடு ஏறின. இரண்டு பேர் படுக்கும் சிறு அறை எங்களுக்கு. வட்ட ஜன்னல் வழியாக நீலம், நீலம், நீலம்!

கரை மறைந்து சற்று நேரத்துக்கெல்லாம் டெலிபோனில் சமிக்ஞை மறைந்தது. என் மனைவி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மேல்தளத்தின் நான்கு மூலைக்கும் நடந்தாள். கடல் அசையவில்லை, அதாவது பதில் சொல்லவில்லை. அன்று இரவு நாங்கள் பேசியதெல்லாம் பாப்பாவைப் பற்றித்தான். சாப்பிட்டிருப்பாளா? தூங்கியிருப்பாளா? அரை மணி நேரத்தில் அந்த விஷயம் தீர்ந்துபோயிற்று. பிறகு இருவரும் மௌனம். எனக்குச் சுருக்கென்றது. குழந்தையை எடுத்துவிட்டால், கட்டிய மனைவியிடம் பேச எனக்கு ஒரு விஷயமும் இல்லையே!

பவளம் கட்டிய ஊர்

மறுநாள் விடிந்ததும் கல்பேனி. தீவைச் சுற்றிலும் பவளப் பாறை வேலி போட்டிருப்பதால் பெரிய கப்பல் கிட்டே போக முடியாது. பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறார்கள். கீழே ஒரு படகு ஏறி இறங்கித் தாளம் போடுகிறது. படகு மேலே வரும் சமயம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். இரண்டு மாலுமிகள் நம்மைக் கையைப் பிடித்து, மூட்டையைப் போல் இறக்கிவிடுகிறார்கள். என் மனைவி அனாயாசமாகக் குதித்துவிட்டாள். அடியேன் விஷயத்தைக் கேட்காதீர்கள்.

வேலியைத் தாண்டியதும் கடலின் நிறமே மாறுகிறது. அலையில்லாத பச்சை நீர். கீழே மணல் தெரிகிறது. மீன்கள் நம் கண் முன்னே விளையாடுகின்றன. கடுகளவு பூச்சிகள் கோடானு கோடியாகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கட்டிய சுவர்தான் இந்தத் தீவுக் கூட்டத்தைத் தாங்குகிறது. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான்! அவற்றில் மனிதர் வாழ்வது 10 தீவுகளில். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் மொத்தம் 64,473 பேர். 1956 நவம்பர் 1ஆம் தேதி தனிப் பிரதேசமாகும் வரையில் இவை நமது சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தன என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

கல்பேனியின் கிழக்குக் கரையில் பவளக் கற்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. 1847இல் அடித்த பெரும் புயல் அந்தத் தீவைச் சூறையாடிய கதை இன்றும் பேசப்படுகிறது. பெண்கள் படிப்பது கூடாது என்றிருந்த காலத்தில், இத்தீவுகளிலேயே முதலில் பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பியது கல்பேனிதானாம். அங்கே குவியலிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைக் குனிந்து எடுத்தேன். வழிகாட்டிப் பையன் பதறிவிட்டான். "ஸாரே, வைத்துவிடுங்கள்! பவளம் எடுத்தால் குற்றம்!" என்றான். தீவைத் தாங்கும் கல்லை ஆளுக்கு ஒன்றாய் எடுத்தால் தீவு என்னாவது? நியாயம்தான். ஆனால் பாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மேல்தளத்தில் ஓர் இரவு

மூன்றாம் நாள் கவரத்தி. இதுதான் தலைநகரம். 1964 வரையில் இத்தீவுகளின் நிர்வாகம் கோழிக்கோட்டிலிருந்துதான் நடந்தது. உஜ்ரா மசூதியின் மரவேலைப்பாட்டைப் பார்த்தோம். அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து கடலுக்குள் எட்டிப் பார்த்தோம். அன்று மாலை கப்பல் தெற்கே திரும்பியது. மினிகாய்க்கும் மற்றத் தீவுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கடல். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதாவது பாகையில் இருப்பதால் அதற்கு ஒன்பது டிகிரிக் கால்வாய் என்று பெயர்.

இரவு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றின. வெகு நேரம் கழித்து என் மனைவி சொன்னாள்: "நான் மறுபடியும் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷமாச் சொல்ல நினைச்சேன்."

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க வீட்டுக்கு வர்றதே எட்டு மணிக்கு. வந்தா பாப்பா நடுவில இருப்பா. அவ தூங்கினா நானும் தூங்கிடுவேன். எப்பச் சொல்றது?"

குற்றம் சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனாலேயே அது உறைத்தது. அவள் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில், பையன்கள் எழுதும் தப்புக் கணக்குகளை இரவு வெகு நேரம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எந்த வருஷத்தில் தொலைத்தோம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அன்று இரவு மணி பன்னிரண்டு வரை பேசினோம். என்ன பேசினோம் என்பதை நேயர்கள் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மினிகாயில் கேட்ட பதில்

நாலாம் நாள் மினிகாய். இங்கே மலையாளம் வீட்டு மொழியல்ல. மாலத்தீவு மொழிக்கு உறவான மஹல் பேசுகிறார்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தலைவரும் தலைவியும் உண்டு. 1885இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றால், பிறைச் சந்திரனைப் போல் வளைந்த தீவு முழுவதும் கண்ணில் படுகிறது. தூண்டிலில் பிடித்த சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, கட்டையாகும் வரை உலர்த்துகிறார்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடு இதேதான்! அத்தைக்காக ஒரு பொட்டலம் வாங்கினேன்.

விளக்கத்தின் அடியில் டெலிபோன் உயிர் பெற்றது. சாட்டிலைட்டை மட்டும் நம்பியிருந்த இந்தத் தீவுகளுக்கு, கொச்சியிலிருந்து கடலடிக் கம்பி 2024 ஜனவரியில் வந்துவிட்டது. பாளையங்கோட்டை வீடு எங்கள் கையகலத்தில் தெரிந்தது. பாப்பா வாயைத் திறந்து காட்டினாள். முன்வரிசையில் கீழே ஒரு பல்லைக் காணோம்!

"நேத்து சாயங்காலம் விழுந்திச்சு! தாத்தா சாணியில வச்சு ஓட்டு மேல எறிஞ்சாங்க!"

என் மனைவி சிரித்துக்கொண்டே பேசினாள். டெலிபோனை மடியில் வைத்ததும் அழுதுவிட்டாள். முதல் பால் பல் ஒரு தடவைதானே விழும்? நாங்கள் கண்ணாடிப் படகில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது அது விழுந்திருக்கிறது.

அன்று மத்தியானம் ஒரு கிராமத்து வீட்டைப் பார்க்க அழைத்துப் போனார்கள். வீட்டு அம்மாள், இவள் முகத்தைப் பார்த்து, மலையாளத்தில் என்னவென்று விசாரித்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, சிரித்ததற்கு வருந்தியவளைப் போல, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என் வீட்டுக்காரர் கப்பல்காரர். மூன்று பிள்ளைகளில் ஒன்று நடக்கத் தொடங்கியதைக்கூட அவர் பார்த்ததில்லை. வரும்போது பிள்ளைகள் ஓடிப்போய், 'அப்போது இப்படி, அப்போது இப்படி' என்று சொல்லுவார்கள். பார்த்தவருக்கு ஒரு தடவை சந்தோஷம். கேட்பவருக்கு, கேட்கிற ஒவ்வொரு தடவையும் சந்தோஷம். நீ போய்க் கேள்."

மினிகாய் ஆண்கள் உலகத்துக் கப்பல்களிலெல்லாம் மாலுமிகளாகப் போகிறவர்கள். குழந்தைகள் தாய் வீட்டிலேயே பாட்டி, சித்தி, பெரியம்மா சூழ வளர்கிறார்கள். வீடும் பெண் வழியாகவே போகிறது. மார்க்கோ போலோ எழுதிய 'பெண்கள் தீவு' இதுதான் என்று கருதுவோரும் உண்டு. "குழந்தையை விட்டுவிட்டா?" என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் தோன்றாது. "யாரிடம் விட்டாய்?" என்றுதான் கேட்பார்கள். வித்தியாசம் புரிகிறதல்லவா?

கரை சேர்ந்தோம்

பாளையங்கோட்டையில் பாப்பா ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் ஆச்சியின் மடியை விட்டு இறங்கவில்லை. முதலில், "பவளம் எங்கே?" என்றாள். கல்லை எடுத்தால் தீவு கரைந்துவிடும் என்று விளக்கினேன். சற்று யோசித்தாள். "அப்ப இருக்கட்டும். என் பல்லு ஓட்டு மேல இருக்கு. அதுவும் வெள்ளைதான்" என்றாள். பிறகு பல் விழுந்த கதையை ஆரம்பித்தாள். நான்கு முறை சொன்னாள். என் மனைவி நான்கு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். மினிகாய் அம்மாளின் வாக்கு பொய்க்கவில்லை.

மாமா என்னைத் திண்ணைக்கு அழைத்து, மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, இந்த அஞ்சு நாளும் மாத்திரை வேளைக்குச் சாப்பிட்டேன் பாத்துக்கிடுங்க. ஏன்னா அவளுல்லா எடுத்துக் கொடுத்தா! நீங்க இன்னொரு கப்பல் இருந்தா விசாரிங்க."

நேயர்களில் யாருக்கேனும் போக ஆசையிருந்தால் சில வார்த்தை. மழைக்காலத்தில் கடல் முரடு. அக்டோபருக்குப் பிறகு, கோடைக்குள் போய்விடுங்கள். அனுமதிக்கும் போலீஸ் சான்றுக்கும் நாள் பிடிக்கும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். குமட்டலுக்கு மாத்திரையைக் கப்பல் ஆடுவதற்கு முன்பே விழுங்குங்கள். பவளத்துக்கு மட்டும் யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

என் மனைவி ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். இரவு எட்டு மணிக்கு நான் வீடு திரும்பினால், இப்போது வீட்டில் இரண்டு பேர் எனக்குக் கதை சொல்கிறார்கள்.