தூக்கிக்கொண்டு போகிற தோட்டம்

டிசம்பர் மாதத்து உச்சிவெயில் குன்னூரில் தெற்கே சாய்ந்து விழும். ஜூனில் அதே வெயில் தலைக்கு மேலே ஏறி வடக்குப் பக்கமாகச் சாய்ந்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிற எந்த ஊருக்கும் இது பொது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. நிலத்தில் நட்டவர்கள் இதைக் கவனிக்கத் தேவையில்லை. மேலே கூரையும் மூன்று பக்கம் சுவருமாக இருக்கிற பால்கனியில் கேரட் போட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எங்கள் வாடகை வீட்டுப் பால்கனி தெற்குப் பார்த்தது. தென்மேற்குப் பருவம் தொடங்கும் மாதத்தில் அங்கே நேர் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. நவம்பர் பிறந்துவிட்டால் அறை வாசல் வரை வந்து படுக்கும்.

அதனால் ஜூனில் நான் செடி வளர்க்கும் டின்கள் வடக்குப் பக்கத்துப் படிக்கட்டு மேடைக்குப் போகும். மழைக்காலம் முடியும்போது திரும்பி வரும். ஈரமண் நிறைந்த இருபது லிட்டர் வாளியைத் தூக்க இருவர் வேண்டும். தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் பாதிக்குப் பாதி கலந்தால் பாரம் குறைகிறது. பாரமான டின்களைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி ஓரமாக வரிசை கட்டக்கூடாது. அழகுக்காகப் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பால்கனியின் நுனிதான் பாரம் தாங்க வலுவில்லாத இடம்.

நீலகிரியில் விவசாயிகள் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம் சொல்வார்கள். சித்திரையை ஒட்டி விதைப்பது முதலாவது, ஆகஸ்ட் வாக்கில் இரண்டாவது, பொங்கலுக்குப் பின் தண்ணீர் பாய்ச்சிச் செய்வது மூன்றாவது. குளிர்காலக் காய்கறி என்று சமவெளியில் நாலு மாதம் மட்டும் பார்ப்பது இங்கே ஆண்டு முழுவதும் விளைகிறது. ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் நாட்கணக்கு இங்கே பொருந்தாது. லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நமக்கு அப்போதும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் பகலில் செடி வேலை செய்துகொண்டே இருக்கும். என் பால்கனிக்கு ஏற்றது கடைபோகம். செடி பருத்து வரும் நேரத்தில் வெயிலும் உள்ளே வந்து சேர்கிறது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிலத்தின் மேல் ஆசை. சாதாரண ஆசை இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், சரிவில் தெரிகிற ஒவ்வொரு ஐந்து சென்ட் துண்டையும் மனதுக்குள் அளந்து, இதில் பட்டாணி, அதில் பீட்ரூட் என்று பாத்தி பிரித்துக்கொண்டு வருவேன். டின்னில் செடி வளர்ப்பது, நிலம் கிடைக்கும் வரை ஒப்பேற்றும் வேலை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் குடும்பமும் இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள். இப்படித் தாயகம் திரும்பியோருக்காகவே 1968-ல் வனத்துறை அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற நிறுவனமானது. எல்லாருக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை. எங்களவர்கள் கோத்தகிரிப் பக்கம் தனியார் எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லைன் வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

லைன் வாசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்றடி அகலத்தில் கொஞ்சம் மண் இருந்தது. மற்றவர்கள் அதில் பூண்டும் கொத்தமல்லியும் போட்டார்கள். அம்மா அதைத் தொட்டதே இல்லை. எண்ணெய் டின், பால் பவுடர் டப்பா, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பிச் சுவரோரம் அடுக்கியிருந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அந்தப் பெட்டிகள் முள்ளங்கிக்கு அவ்வளவு பொருத்தம். ஏன் தரையில் போடவில்லை என்று சிறுமியாக நான் கேட்டதற்கு, "தரை அவுங்களுது புள்ள, டின்னு நம்மளுது" என்றார். அதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன். சொந்த நிலம் வாங்கி அம்மாவை அதில் நிற்க வைக்க வேண்டும் என்ற வைராக்கியம் அன்றைக்கு வந்தது. வாங்க முடிவதற்கு முன்னால் அம்மா போய்விட்டார்.

இந்த மலையில் இங்கிலீஷ் காய்கறியின் கதையே நிலத்தின் கதைதான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். ஊட்டியில் கல் பங்களா கட்டுவதற்குத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். தன் ஊர்க் காய்கறிகளை இங்கே பயிரிட்டுப் பார்த்து ஊக்குவித்தவரும் அவர்தான். 1840-களில் ஊட்டி வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டித் தங்களுக்குக் காய்கறி வாங்கிக்கொள்ள ஒரு தோட்டம் போட்டார்கள். 1848-ல் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து அந்த முயற்சியைப் பெரிய பூங்காவாக மாற்றினார். மே மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் ரோஜாவையும் டேலியாவையும் பார்த்து வருகிறோமே, அந்தத் தாவரவியல் பூங்கா முட்டைக்கோஸுக்காகத் தொடங்கியது. பாத்தியில் குனிந்து வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

மண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம். டின் வேளாண்மையில் நான் கற்றதில் பெரும்பகுதி மண்தான். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். அமில காரக் குறியீடு 4.5-லிருந்து 5.5 வரை அதற்குச் சுகம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் 6-க்கு மேலே கேட்கின்றன. தேயிலைச் சரிவிலிருந்து அள்ளி வந்த கருமண் பார்க்க அருமையாக இருக்கும், கையில் பொலபொலவென்று உதிரும். முட்டைக்கோஸ் நாற்றை அதில் வைத்தால் நோஞ்சானாக நிற்கும். புளிப்பு மண்ணில் இன்னொரு கேடும் உண்டு. முட்டைக்கோஸ் இனத்தின் வேரைத் தாக்கி முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் ஒரு நோய் இந்த மலையில் இருக்கிறது. பகலில் இலை துவளும், காலையில் நிமிரும், பிறகு நிமிராது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டோலமைட் சுண்ணாம்பு கலந்து மண்ணைப் புரட்டி வைப்பதுதான் மருந்து. வயலில் அது மூட்டைக் கணக்கு. டின்னில் ஒரு கைப்பிடி.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா படகர். அவர் தம்பிக்குக் கேத்தி பாலாடாவில் அரை ஏக்கர் கேரட் தோட்டம். அந்த அரை ஏக்கரின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அந்தத் தம்பி காய்கறிப் பையோடு படியேறி வரும்போதெல்லாம் சிரித்துப் பேசுவேன், உள்ளுக்குள் ஏதோ இறுகும். ஒருநாள் அவர் பால்கனிக்கு வந்து டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு டின்னில் விரலை விட்டு மண்ணைக் கிளறி, "நல்ல மண்ணு டீச்சர். கெட்டுப்போச்சுன்னா கொட்டிட்டு வேற போட்டுக்கலாம் உங்களுக்கு. நான் எங்க கொண்டு போய்க் கொட்டுறது?" என்றார்.

அவர் பேசியது உருளைக்கிழங்கு நூற்புழுவைப் பற்றி. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1961-ல், ஊட்டியில். கடுகைவிடச் சிறிய கூடுகளாக மண்ணில் தங்கி, கிழங்கே போடாமல் விட்டாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். அதன் காரணமாக நீலகிரி உருளைக்கிழங்கை விதைக்காக மலைக்கு வெளியே அனுப்பத் தடையே வந்தது. முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகத்தைக் கொடுத்தது. என்றாலும் மண்ணில் இறங்கிய புழு இறங்கியதுதான். தாத்தா காலத்து நிலம், தாத்தா காலத்துப் புழு. அவர் கேரட்டையும் பீட்ரூட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதை விட்டுப் போக வழியில்லாமல். என் பொறாமை அன்றைக்கு அடங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது, அவருக்கும் என்னிடம் கேட்க ஒன்றிரண்டு இருந்தன. உருளைக்கிழங்கு விளைந்த வயலின் மண்ணை டின்னுக்கு எடுத்து வரவே கூடாது என்பது அவரிடம் கற்றது.

எது விளைகிறது என்று கேட்பவர்களுக்கு என் விருப்பப்படி சொல்கிறேன். டின்னுக்கென்றே பிறந்தது நூல்கோல். வேர் ஆழம் கேட்காது, தண்டு மண்ணுக்கு மேலேயே திரளும், இளசாக எடுத்தால் பச்சையாகவே தின்னலாம். லெட்டூஸை வெளி இலையாகக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். கேரட்டுக்கு ஒரு அடி ஆழமாவது வேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துவிடும், விதைத்த இடத்திலேயே கலைத்துவிட வேண்டும். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி-1 பீட்ரூட் இந்த மலைக் குளிரிலேயே பூத்து விதை பிடிக்கும். சில செடிகளைப் பிடுங்காமல் விட்டால் பின்னால் விதைக்க விதை கையில் இருக்கும். காலிஃபிளவர் வேண்டாம். இடத்தை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்று ஒரே ஒரு பூ கொடுக்கிறது. பட்டாணிக்குக் குரங்கு எதிரி, வலை அடிக்காமல் காய் கிடைக்காது. காட்டு மாடும் கரடியும் குன்னூரில் வீட்டு வாசல் வரை வருகின்றன. கீழ்வீட்டு அக்காவின் முட்டைக்கோஸ் பாத்தியைக் காட்டு மாடு ஒரே ராத்திரியில் மேய்ந்துவிட்டுப் போனது. மாடிக்கு அது வராது.

பனியைப் பற்றிப் பலருக்கும் பயம். குன்னூர் 1,850 மீட்டர். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டி அளவுக்கு இங்கே உறைபனி இல்லை. ஊட்டியிலும் தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களில்தான் புல் வெளுக்கும். குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் தேங்கும். வானம் பார்த்த தரை தன் சூட்டை ராத்திரி முழுவதும் இழக்கும். கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயரத்தில் இருக்கிற பால்கனி இரண்டிலிருந்தும் தப்பிக்கிறது. ஊட்டிப் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடுவார்கள். எனக்குப் பழைய வேட்டித்துணி போதும். தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்ற வேண்டும். குளிரால் நன்மையும் உண்டு. உறையாமல் தப்பிக்கச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. ஜனவரியில் பிடுங்கும் கேரட்டுக்கும் லீக்ஸுக்கும் இனிப்பு கூடுவது அதனால்தான்.

லீக்ஸ். நுவரெலியாவில் அது வீட்டுச் சமையல். உருளைக்கிழங்கோடு வதக்கி ரொட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். நீலகிரியில் இதைச் சைனீஸ் காய்கறி வரிசையில் சேர்த்து ஓட்டல்களுக்கு அனுப்புகிறார்கள். அம்மா இங்கே வந்த பிறகு அது கண்ணில் படவே பல வருஷம் ஆனது. விதை கிடைத்ததும் பாதி மண் போட்ட எண்ணெய் டின்னில் நாற்றை நட்டார். தண்டு உயர உயர மண்ணைக் கொட்டிக்கொண்டே வந்தார். வெயில் படாத பகுதிதான் வெள்ளையாக, மென்மையாக வரும். தரையில் இதற்குக் கிடங்கு வெட்டி அணைக்க வேண்டும். டின்னுக்குச் சுவர் இருப்பதால் வேலை பாதி. ஐந்து மாதம் பொறுத்தால் ஒரு டின்னில் ஏழெட்டுத் தண்டு.

முதல் அறுவடையை அரிந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா சொன்னார். நுவரெலியாவில் லயத்து வீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு பாத்தி லீக்ஸ் போட்டிருந்தாராம். கப்பலுக்குத் தேதி வந்தபோது அது விரல் மொத்தம்கூட ஆகவில்லை. பிடுங்கவும் மனசு வரவில்லை, விட்டு வரவும் மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாராம். இதைச் சொன்ன பிறகு அரிவதை நிறுத்தவில்லை. நான்தான் எழுந்து வெளியே போனேன். தரையைத் தொடாமல் இருந்ததற்குப் பயம் காரணமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இன்னொரு பாத்தியைப் பாதியில் விட்டுப் போவதில்லை என்று அம்மா முடிவெடுத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று லைன் வீட்டைக் காலி செய்த நாளில், லாரியில் கட்டிலுக்கு முன்னால் டின்கள் ஏறின. ஒரு செடிகூடப் பின்னால் தங்கவில்லை.

நிலத்தின் மேல் என் ஆசை இன்றைக்கும் குறையவில்லை. வீட்டுக்கார அக்கா இந்த வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பப் போகிறார். பங்குனிக்குள் நாங்கள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். அருவங்காட்டில் ஒன்று பேசியிருக்கிறோம், பால்கனி கிழக்குப் பார்த்தது. காலை வெயில் மட்டும் கிடைக்கும், கீரைக்கும் லெட்டூஸுக்கும் அது போதும். ஆனால் பனி பட்ட இலையில் விடிந்ததும் வெயில் விழுந்தால் கருகும், அதனால் அடுத்த மார்கழிக்குத் துணியோடு ஒரு தட்டியும் தேவைப்படும். இந்த நீர்போகத்துக்குப் பட்டாணி போடவில்லை, கொடி பின்னிய கம்பியோடு அதைத் தூக்க முடியாது. முள்ளங்கியும் லெட்டூஸும் கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டு முடிந்துவிடும். லீக்ஸ் அப்போது பாதி வளர்ச்சியில்தான் இருக்கும். அந்த நான்கு டின்களுக்கும் பிடி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.