டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடம்

இத்தாலி என்றதும் ஆபீஸில் எல்லோரும் ரோம், வெனிஸ் என்று வயிறெரிந்தார்கள். கம்பெனி என்னை அனுப்பியதோ ரெஜ்ஜியோ எமிலியாவுக்கு. மிலானுக்கும் பொலோஞாவுக்கும் நடுவே இருக்கிற ஊர். இயந்திரத் தொழிற்சாலைகள், சீஸ், பனிமூட்டம். நம்ம கோயமுத்தூரை ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி! பத்து நாள் ட்ரெயினிங். மூன்றாம் நாளே ரசம் சாதம் கனவில் வந்துவிட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் கூட வேலை செய்யும் இத்தாலிக்காரர், "பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டி வரணும், வர்றியா?" என்றார். (இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் தகராறு. பாதி கையால்தான் பேசினோம்.)

நகராட்சிப் பாலர் பள்ளி. 'நகராட்சி' என்றதுமே மூக்கைப் பொத்தத் தயாரானேன். தேவைப்படவில்லை. நடுவில் ஊர்ச் சதுக்கம் போல ஒரு பெரிய கூடம். சமையல்கட்டுக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே என்ன வேகிறது என்று வாண்டுகள் மேற்பார்வை செய்யலாம். ஒரு வகுப்புக்கு 2 டீச்சர். களிமண், வர்ணம் என்று கைவேலைக்குத் தனி அறை, அதற்குத் தனி ஆள்.

அங்கே ஒரு மேஜையில், கறுப்பு ரப்பர் வளையங்களை அடுக்கி ஏதோ ஒரு பிராணி. உற்றுப் பார்த்தேன். அட, பம்ப் சீல்! தினமும் நான் திட்டிக்கொண்டே தொட்டியில் வீசுகிற ரிஜெக்ட் சரக்கு. ஊர்த் தொழிற்சாலைகளில் மிஞ்சுவதை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுக்க 'ரெமீதா' என்று ஒரு மையம் 1996 முதல் இருக்கிறதாம்.

"பீஸ் எவ்வளவு?" (நமக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?)

வருமானத்துக்குத் தக்கபடி. டைரக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கூட, டிரைவர் வீட்டுப் பிள்ளைக்குக் குறைச்சல். சாப்பாடு ஒன்றுதான். ஊனமுள்ள குழந்தைக்கு அட்மிஷனில் முதலிடம்; 'விசேஷ உரிமையுள்ள குழந்தை' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிகளையும் நகராட்சியே நடத்துவதில்லை. சிலதைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒப்பந்தப்படி நடத்துகின்றன. பெற்றோர் சேர்ந்த கவுன்சில் வேறு. நண்பர் அதில் மெம்பர். "ராத்திரி மீட்டிங்னு சொன்னா என் பெண்டாட்டி நம்பவே மாட்டா" என்றார். உலகம் பூரா ஒரே கதைதான்!

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து கிராமமான வில்லா செல்லாவுக்குக் கூட்டிப்போனார். 1945ல் யுத்தம் முடிந்த சில நாளில், ஜெர்மன்காரன் விட்டுவிட்டு ஓடிய ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள் எல்லாவற்றையும் விற்று, அந்தக் காசில் ஊர்க்காரர்கள் பாலர் பள்ளி கட்டக் கிளம்பினார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லைப் பெண்கள் கழுவிக் கொடுத்தார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்க வந்த 25 வயது வாத்தியார் லோரிஸ் மலகுஸ்ஸி, 1994ல் சாகும்வரை இந்த வேலையை விடவில்லை. 1963ல் நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. 1991ல் 'நியூஸ்வீக்' பத்திரிகை, உலகின் சிறந்த பள்ளிகளில் ஒன்றாக இங்குள்ள டயானா பள்ளியைச் சொன்னது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, எல்.கே.ஜி. இன்டர்வியூல பாப்பா பெயிலு."

"மூணரை வயசுல என்னடி பெயிலு?"

"ஆப்பிள் என்ன கலர்னாங்க. வெள்ளைன்னுட்டா."

"உரிச்சுத்தானே குடுக்கறோம்!"

"அதையேதான் நானும் சொன்னேன். ஐம்பதாயிரம் டொனேஷன் குடுத்தா சிவப்புன்னு ஒத்துக்குவாங்களாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம தெருக்கோடி அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஜுரமா?"

ஊர் திரும்பிய மறுநாள், கழுவித் துடைத்த பெரிய வளையங்கள் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, பாப்பாவோடு அங்கன்வாடிக்குப் போனேன். டீச்சரம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

"நல்லாருக்கு சார். கூரை ஒழுகுது... அதை அடைக்கிற மாதிரி வளையம் ஏதாச்சும் இருக்கா?"