ஒரு கிண்ணமும் ஒரு எழுத்துப் பிழையும்



விடுமுறைக்குக் கனடா போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் நின்றபோது அவளுடைய மூத்த மகன், “மாமா, ஹொக்கி மியூசியம் போவமா?” என்றான். எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்தரையில் விளையாடும் ஹொக்கி. இது பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு, கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றை அடிக்கும் விளையாட்டு. அவன் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம் என்பது அதன் பெயர். நகரின் நடுவில், யங் வீதியும் ஃபிரண்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் முக்கிய மண்டபம் 1885இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம். அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை. அந்த மண்டபத்தில்தான் ஸ்டான்லி கிண்ணம் வைத்திருக்கிறார்கள். 1892இல் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்தது. அவர் கொடுத்தது சின்ன வெள்ளிப் பாத்திரம். அது இப்போது அங்கேயே வங்கியின் பழைய பெட்டக அறையில் பத்திரமாக இருக்கிறது. இன்று வெல்பவர்கள் தூக்குவது ஏறத்தாழ மூன்றடி உயரமும் பதினைந்தரைக் கிலோ நிறையும் உள்ள கிண்ணம்.

மற்றக் கிண்ணங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெயர்கள்தான். ஒவ்வொரு வருடமும் வென்ற அணியின் பெயரை மட்டுமல்ல, அதில் ஆடியவர்கள், பயிற்றுநர் என்று எல்லோருடைய பெயரையும் வெள்ளியில் பொறிக்கிறார்கள். அடிப்பகுதியில் ஐந்து அகலமான பட்டைகள். ஒரு பட்டையில் 13 வருடங்கள் அடங்கும். ஐந்தும் நிறைந்தால் ஆகப் பழைய பட்டையைக் கழற்றி இந்த மியூசியத்தில் வைத்துவிட்டு, புதியதைப் பொருத்துவார்கள். 1919இல் இன்ஃபுளுவென்சா தொற்றால் இறுதித் தொடர் இடைநடுவில் நின்றுபோனது. ஒருவரும் வெல்லவில்லை. அந்த வருடத்தையும் விட்டுவிடாமல், தொடர் முடிவடையவில்லை என்று பொறித்திருக்கிறார்கள்.

மருமகன் விரலால் ஒரு பெயரைக் காட்டினான். நாசெம் கத்ரி. லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது, அங்கே பிறந்தவர். 2022இல் கொலராடோ அணியோடு வென்று, இந்தக் கிண்ணத்தில் பெயர் பொறிக்கப்பட்ட முதல் முஸ்லிம் வீரரானார். முறிந்த பெருவிரலுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து இறுதித் தொடரில் வெற்றிக் கோலும் அடித்தவர். வென்றவர்கள் ஆளுக்கொரு நாள் கிண்ணத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாம். அவர் அதைத் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். அதற்கு முதல் வருடம்தான் அதே ஊரில், நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீது வாகனத்தை ஏற்றி நான்கு பேரைக் கொன்றிருந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு அவன் சிரித்துக்கொண்டே, “மாமா, நீங்க டீச்சர்தானே, இதில எழுத்துப் பிழை இருக்கு” என்றான். உண்மைதான். 1972இல் வென்ற பொஸ்டன் அணியின் பெயரில் இரண்டு ‘ஓ’ எழுத்துகளுக்கும் பதிலாக ‘கியூ’ விழுந்திருக்கிறது. 1981இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் என்பதில் ஒரு ‘எஸ்’ இல்லை. 1996இல் ஒரு வீரரின் பெயரில் பிழை விட்டு, பிறகு அதைத் திருத்தினார்களாம். அப்படித் திருத்திய முதல் பெயர் அதுதானாம்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் சாதாரண தர வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். பரீட்சை விண்ணப்பங்களை நானே நிரப்பினேன். ஒரு பிள்ளையின் பெயரில் ‘இசட்’ வரவேண்டிய இடத்தில் ‘எஸ்’ எழுதிவிட்டேன். சான்றிதழும் அப்படியே வந்தது. கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில் பிறப்புச் சான்றிதழோடு அது ஒத்துவரவில்லை. அவளுடைய வாப்பா கடற்தொழில் செய்பவர். அதைத் திருத்த மூன்று தடவை கொழும்புக்கு பஸ் ஏறினார். திருத்தம் கிடைப்பதற்குள் அந்த வருடம் போய்விட்டது. என்னிடம் வந்து முறையிட்டபோது, “அங்க டைப் பண்ணினவங்க விட்ட பிழையாயிருக்கும்” என்றேன். என் பிழை என்று எனக்குத் தெரிந்தே சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு அழைப்பெடுத்தேன். இப்போது அவளும் ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: “எனக்குத் தெரியும் சேர். அந்த விண்ணப்பத்தின்ட போட்டோ கொப்பிய வாப்பா கொழும்பில பார்த்தவர். உங்கட கையெழுத்து எண்டு அவருக்கு விளங்கிட்டுது. சேருக்குச் சங்கடமாப் போகும், கேட்காத எண்டு சொன்னவர்.”

அவர் மௌத்தாகி ஆறு வருடமாகிறது. ஜனாஸாவுக்கு நானும் போனேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. மகள் மன்னித்தாள், அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவிடம் கேட்க எனக்கு இனி வழியில்லை. அவருக்காக துஆச் செய்யுங்கள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சக ஆசிரியர்களே, பெற்றோரே, விண்ணப்பம் நிரப்பும்போது பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, பிள்ளையையும் கூப்பிட்டு, எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். பிழை விட்டிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.